ஒரு லாட்டுக்கு ஒரு வரி

போடிநாயக்கனூரில் ‘ஏலம்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். மேற்கே மலைச்சரிவில் மர நிழலில் விளைவதும் ஏலம். மலையிறங்கி வந்ததும் அதை விற்பதும் ஏலம். இந்த இரண்டுக்கும் நடுவே நடப்பது பெரும்பாலும் பிரிக்கும் வேலை. ஏலச்செடியில் காய்கள் எல்லாம் ஒரே நாளில் முற்றுவதில்லை. அதனால் ஒரே தோட்டத்தில் பல சுற்றுகளாகக் காய் எடுக்கிறார்கள். எடுத்த காய் ஸ்டோர் எனப்படும் உலர்கூடத்தில் உலர்ந்து, சல்லடையில் சலிபட்டு, பருமனும் நிறமும் பார்த்துப் பிரிகிறது. பருமன் 7 மில்லிமீட்டருக்கும், ஒரு லிட்டர் அளவின் எடை 435 கிராமுக்கும் குறையாமல் இருந்தால் அக்மார்க் தர வரிசையில் அது ‘ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு’. 6 மில்லிமீட்டர், 415 கிராம் என்றால் ‘போல்டு’. 5 மில்லிமீட்டர், 385 கிராம் என்றால் ‘சுப்பீரியர்’. பிரித்ததெல்லாம் கடைசியில் லாட்டுகளாகின்றன. 2007இல் ஸ்பைசஸ் போர்டு மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தபோது வாய்விட்டுக் கேட்ட விலை திரையில் ஏறும் எண்ணாக மாறியது. லாட் மாறவில்லை. மாதிரியைப் பார்ப்பது லாட் வாரியாக, விலை விழுவது லாட் வாரியாக, குறை சொல்வதும் லாட் வாரியாக. தனியாக ஒரு முடிவெடுக்கக்கூடிய மிகச் சிறிய பகுதிக்குப் பெயர்தான் லாட்.

கணினிக்கு எழுதும் பட்டியலிலும் இதே கேள்வி எழுகிறது: எது ஒரு லாட்? ஒரு நிரல் எப்படி நடக்க வேண்டும் என்பதை நிரலுக்கு வெளியே எழுதிவைக்கும் கோப்பை அமைவுக் கோப்பு என்கிறோம். கான்ஃபிக் ஃபைல் என்று சொன்னால் இன்னும் பலருக்குப் புரியும். எந்தெந்த ஊர்களின் தகவலைச் சேகரிக்க வேண்டும், எந்த நேரத்தில் இயங்க வேண்டும், யாருக்கு எச்சரிக்கை அனுப்ப வேண்டும் என்பவை அதில் இருக்கும். இவற்றை எழுத இன்று பரவலாகப் பயன்படும் வடிவங்களில் ஒன்று யாமல். கிளார்க் எவன்ஸ் 2001இல் முன்வைத்து, இங்கி டாட் நெட், ஓரன் பென்-கிக்கி இருவருடன் சேர்ந்து வளர்த்தது. மனிதர் படிக்க எளிதாக இருக்க வேண்டும் என்பது அதன் முதல் நோக்கம். அந்த நோக்கம் நிறைவேறுகிறதா என்பதை, பட்டியலை எப்படி எழுதுகிறோம் என்ற ஒரே விஷயத்தை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம்.

ஏலமலை ஊர்களின் மழையளவைச் சேகரிக்கும் ஒரு சிறு நிரல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் ஊர்ப் பட்டியலை யாமலில் இப்படி எழுதலாம்:

ஊர்கள்: [போடிமெட்டு, பூப்பாறை, சாந்தன்பாறை, நெடுங்கண்டம், வண்டன்மேடு, குமுளி]

இப்படியும் எழுதலாம்:

ஊர்கள்:
  - போடிமெட்டு
  - பூப்பாறை
  - சாந்தன்பாறை
  - நெடுங்கண்டம்
  - வண்டன்மேடு
  - குமுளி

முதலாவதை ஓட்ட வடிவம் என்றும் இரண்டாவதை அடுக்கு வடிவம் என்றும் அழைப்போம். ஓட்ட வடிவத்தில் உருப்படிகளைக் காற்புள்ளி பிரிக்கிறது, சதுர அடைப்பு மூடுகிறது. அடுக்கு வடிவத்தில் ஒரு சிறு கோடும் ஓர் இடைவெளியும் உருப்படியைத் தொடங்கிவைக்கின்றன, வரி முடிந்தால் உருப்படி முடிகிறது. கணினிக்கு இரண்டும் ஒன்றே. வாசித்து முடித்ததும் அதன் நினைவில் ஆறு ஊர்களின் ஒரே பட்டியல்தான் இருக்கும். அப்படியானால் எப்படி எழுதினால் என்ன? அமைவுக் கோப்பைக் கணினி ஒரு நொடிக்குள் படித்துவிட்டுப் போய்விடும். அதே கோப்பைப் பல ஆண்டுகள் திரும்பத் திரும்பப் படிப்பவர்களும், சேர்ப்பவர்களும், நீக்குபவர்களும் மனிதர்கள். இந்த அத்தியாயத்தின் வாதம் இதுதான்: நாளை எதைத் தனியாக மாற்ற வேண்டியிருக்குமோ, அதை இன்றே தனி வரியில் வைக்க வேண்டும்.

இதற்கு நான்கு சான்றுகள். முதல் சான்று கண்ணிலிருந்து வருகிறது. மளிகைக் கடைக்குச் சீட்டு எழுதும்போது ஒரு சாமானுக்கு ஒரு வரி என்று எழுதுவதற்கு நமக்கு யாரும் பாடம் நடத்தியதில்லை. கடைக்காரர் எடுத்து வைத்ததை அடித்துக்கொண்டே வரவும், விட்டுப்போனதை ஒரே பார்வையில் கண்டுபிடிக்கவும் அது உதவுகிறது. ஆனால் தமிழில் பட்டியல்கள் எப்போதும் அப்படி எழுதப்பட்டதில்லை. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராஜராஜன் வெட்டுவித்த கல்வெட்டில் கோயில் பணிக்கென அமர்த்தப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்கள் இருக்கின்றன. யார் எந்தக் கோயிலிலிருந்து வந்தவர், தெருவின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீட்டில் குடியிருப்பவர் என்பதெல்லாம் அதில் உண்டு. எல்லாம் கல்லில் தொடர் ஓட்டமாக வெட்டப்பட்டவை. வரி முறியும் இடத்துக்கும் ஆள் மாறும் இடத்துக்கும் தொடர்பு இல்லை. ஓர் ஆளை அடுத்த ஆளிடமிருந்து பிரித்துக் காட்டும் வேலையை வீட்டின் வரிசை எண் போன்ற சொற்களே செய்கின்றன. கல்லில் இடம் விலை உயர்ந்தது, வெட்டும் கை ஓயும். அங்கே ஓட்ட வடிவம் சரியான முடிவு. அது திருத்துவதற்காக வெட்டியதும் அல்ல, நிலைக்க வேண்டும் என்று வெட்டியது. அமைவுக் கோப்பின் நிலை இதற்கு நேர் எதிர். அதில் இடத்துக்குச் செலவே இல்லை. மாறப்போகிறது என்பதால்தான் அதை நிரலுக்கு வெளியே எடுத்து எழுதியிருக்கிறோம்.

அந்த மாற்றத்திலிருந்துதான் இரண்டாவது சான்று, நான்கில் வலுவானதும் அதுவே. கோப்பின் பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் ஒப்பிட்டு வேறுபாட்டைக் காட்டும் ‘டிஃப்’ என்ற கருவி 1970களில் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. ஜேம்ஸ் ஹன்ட், டக்ளஸ் மெக்கில்ராய் இருவரும் அதன் வழிமுறையை 1976இல் விளக்கினார்கள். அது ஒப்பிடுவது வரியோடு வரியை. கோப்புகளின் மாற்ற வரலாற்றைக் காக்க லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய ‘கிட்’, மாற்றங்களைக் காட்டும்போதும் இருவர் செய்த மாற்றங்களை இணைக்கும்போதும், இயல்பாக அதே வரிக் கணக்கில்தான் இயங்குகிறது. ஓட்ட வடிவப் பட்டியலில் ‘புத்தடி’ என்ற ஒரே ஊரைச் சேர்த்துப் பாருங்கள். வரி முழுவதும் நீக்கப்பட்டு, வேறொரு வரி முழுவதும் சேர்க்கப்பட்டதாக டிஃப் காட்டும். மாற்றத்தைச் சரிபார்ப்பவர் ஆறு பெயரையும் ஏழு பெயரையும் மாறி மாறிப் பார்த்து எது புதிது என்று தேட வேண்டும். அந்தச் சாக்கில் ஒரு பெயர் தவறுதலாக அழிந்திருந்தால் அவர் கவனிக்காமலே போகலாம். அடுக்கு வடிவத்திலோ ஒரு ஊர் சேர்ந்தால் ஒரு வரி சேர்ந்ததாகக் காட்டும், அவ்வளவுதான். அந்த ஊரை யார், எப்போது, என்ன காரணம் சொல்லிச் சேர்த்தார்கள் என்று பின்னாளில் தேடினாலும் அந்த ஒரு வரியின் வரலாறு தனியாகக் கிடைக்கும். ஒரு வரிக்குள் அடைத்த பட்டியலில் கடைசியாக அந்த வரியைத் தொட்டவரின் பெயர் மட்டுமே நிற்கும்.

இந்தச் சான்றை அளவுக்கு மீறி இழுக்கவும் கூடாது. இருவர் ஒரே நேரத்தில் பட்டியலின் கடைசியில் ஆளுக்கோர் ஊரைச் சேர்த்தால், அடுக்கு வடிவத்திலும் கிட் முரண்பாடு என்று சொல்லி நிறுத்தும். இரண்டும் ஒரே இடத்தில் நுழைகின்றன, எது முன், எது பின் என்று அதற்குத் தெரியாது. வரிசைக்குப் பொருள் இல்லாத பட்டியலாக இருந்தால் அகர வரிசையில் வைப்பது இந்த மோதலைக் குறைக்கும். புதிய பெயர்கள் வெவ்வேறு இடங்களில் போய் விழும், ஒரே ஊர் இருமுறை வந்திருந்தாலும் பக்கத்துப் பக்கத்தில் நின்று தன்னைக் காட்டிக்கொடுக்கும். வரிசைக்குப் பொருள் உண்டென்றால், எடுத்துக்காட்டாக வண்டி போகும் வழியின் வரிசையாக இருந்தால், அதைக் குலைக்கக் கூடாது. அதை ஒரு குறிப்பாகப் பட்டியலின் தலையில் எழுதிவைக்க வேண்டும்.

மூன்றாவது சான்று பிழைகளிலிருந்து. ஓட்ட வடிவத்தையே பல வரிகளாக உடைத்து எழுதவும் யாமல் இடம் தருகிறது:

ஊர்கள்: [
  போடிமெட்டு,
  பூப்பாறை
  சாந்தன்பாறை,
  ]

பூப்பாறைக்குப் பின் காற்புள்ளி விடுபட்டிருக்கிறது. யாமல் பிழை என்று சொல்லாது. வரி முறிவை ஓர் இடைவெளியாக மடித்து, ‘பூப்பாறை சாந்தன்பாறை’ என்று ஒரே ஊரை உருவாக்கிவிடும். அப்படி ஓர் ஊர் உலகில் இல்லை என்பது நிரல் ஓடும்போதுதான் தெரியவரும், சில சமயம் அப்போதும் தெரியாது. அடுக்கு வடிவம் இந்த வகைப் பிழைக்கு முழு விலக்கு பெற்றதல்ல. சிறு கோடு விடுபட்டு, அந்த வரி மேல் வரியின் எழுத்துக்கு நேராகத் தள்ளி நின்றால் அங்கும் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பட்டியல் முழுவதும் கோட்டுக்குப் பின் இடைவெளி விடாமல் எழுதினால் எல்லாம் சேர்ந்து ஒரே நீண்ட சொற்றொடராகிவிடும். வேறுபாடு, பிழை எங்கே தெரிகிறது என்பதில் இருக்கிறது. காற்புள்ளி வரியின் கடைசியில் நிற்கிறது. ஊர்ப் பெயர்கள் நீளமும் குட்டையுமாக இருப்பதால் ஒவ்வொரு காற்புள்ளியும் ஒவ்வோர் இடத்தில் இருக்கும், இல்லாததைக் கண் தேடிப் போக வேண்டும். சிறு கோடுகளோ வரியின் தொடக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. வேலியில் ஒரு கல் விழுந்தால் இடைவெளி தெரிவதுபோல, ஒரு கோடு இல்லையென்றால் அந்த வெற்றிடமே கண்ணில் படும்.

காற்புள்ளிக்கு இன்னொரு தொல்லை உண்டு. ‘மேலச்சொக்கநாதபுரம், போடி’ என்ற முகவரியை ஓட்ட வடிவப் பட்டியலில் மேற்கோள் குறி இல்லாமல் எழுதினால் ஒரு முகவரி இரண்டாகப் பிளந்துவிடும். அடுக்கு வடிவத்தில் காற்புள்ளி வெறும் எழுத்து, அங்கே பிரிக்கும் வேலை வரியுடையது. பிரிக்கும் குறி, பிரிக்கப்படும் பொருளுக்குள் வரக்கூடியதாக இருக்கக் கூடாது என்பது பட்டியல் எழுதும் எந்த மொழிக்கும் பொருந்தும். ஊர்ப் பெயருக்குள் காற்புள்ளி வரலாம். வரி முறிவு வருவது மிக அரிது.

நான்காவது சான்று தமிழுக்கே உரியது. பட்டியலை அழகுபடுத்த விரும்புவோர் சிலர் மதிப்புகளை நடுவில் இடைவெளி போட்டு நெடுக்காக நேர்ப்படுத்துவார்கள். ஒவ்வோர் எழுத்தும் ஒரே அகலம் கொண்ட எழுத்துருவில்தான் அது நிற்கும். ‘பூப்பாறை’ என்பது படிப்பவருக்கு நான்கு எழுத்து, யூனிகோடு கணக்கில் எட்டுக் குறியெண்கள். திரையில் அது பிடிக்கும் அகலம் இந்த இரண்டு எண்களோடும் ஒத்துப்போக வேண்டியதில்லை. ஒரு கணினியில் நேராக நின்ற நெடுவரிசை அடுத்த கணினியில் கோணும். வரியின் தொடக்கத்தில் உள்ள இடைவெளிகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை, அவற்றுக்கு முன்னால் வேறு எழுத்தே இல்லை. யாமல் உள்தள்ளலைக் கணக்கிடுவதும் அந்தத் தொடக்க இடைவெளிகளை மட்டும் எண்ணித்தான். ஆகவே தமிழ்ப் பெயர்கள் நிறைந்த கோப்புக்கு, அமைப்பு முழுவதையும் வரியின் தலையில் தாங்கும் அடுக்கு வடிவம் நன்றாகப் பொருந்துகிறது.

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதல் மறுப்பு நீளம் பற்றியது: ஆறு ஊருக்கு ஏழு வரி என்றால் அறுநூறு ஊருக்குக் கோப்பு என்னாவது? ஒரு திரையில் முழு அமைப்பும் தெரிவதும் படிக்கும் எளிமைதானே? இந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது, அது விதியின் எல்லையையும் காட்டித்தருகிறது. போடியின் அமைவிடத்தை [10.01, 77.35] என்று எழுதினால் அது இரண்டு உருப்படிகள் கொண்ட பட்டியல்தான். ஆனால் அகலக்கோட்டை மட்டும் நீக்கவோ நடுவில் மூன்றாவது எண்ணைச் சேர்க்கவோ யாருக்கும் தேவை வராது. இரண்டும் சேர்ந்து ஒரே பொருள், ஒரே லாட். அதை இரண்டு வரியாக உடைத்தால் படிப்பவரின் கண்ணுக்கு வீண் வேலை. எல்லாப் பட்டியலையும் உடைக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. தனித்தனியாக மாறுபவற்றை உடை, ஒன்றாகவே மாறுபவற்றைச் சேர்த்து வை என்கிறது. அறுநூறு ஊர்கள் உண்மையில் அறுநூறு தனி முடிவுகள் என்றால் அந்த நீளம் பொருளின் நீளம். அதைக் குறைக்க வேண்டுமானால் பட்டியலைத் தனிக் கோப்பாகப் பிரிக்கலாம். ஒரே வரியில் திணிப்பதால் முடிவுகளின் எண்ணிக்கை குறையாது, மறையும்.

உருப்படி ஒவ்வொன்றுக்கும் பல விவரங்கள் இருந்தாலும் இதே அளவுகோல் செல்லும். லாட் பட்டியலில் எண், மூட்டை, குறிப்பு என்பவை உண்டென்றால்:

லாட்டுகள்:
  - எண்: "010"
    மூட்டை: 6
    குறிப்பு: >-
      இரண்டாம் சுற்றில் எடுத்த காய்.
      நிறம் பார்த்துத் தனியாகப் பிரித்தது.
  - எண்: "011"
    மூட்டை: 4

புதிய லாட் தொடங்கும் இடத்தில் மட்டும் கோடு நிற்கிறது, அதன் விவரங்கள் கோட்டுக்குள் ஒதுங்கி நிற்கின்றன. இடது ஓரத்தில் கோடுகளை மட்டும் எண்ணினால் எத்தனை லாட் என்று தெரிந்துவிடும். நீண்ட குறிப்பை ஒரே வரியில் இழுக்காமல், கூர்முனைக் குறியைப் போட்டு அடுத்த வரிகளில் எழுதலாம். அந்த வரிகளை யாமல் ஒரே தொடராக மடித்துக்கொள்ளும், பக்கத்தில் உள்ள சிறு கோடு கடைசி வரி முறிவை நீக்கிவிடும். வரி முறிவுகள் அப்படியே இருக்க வேண்டும் என்றால், கூர்முனைக்குப் பதிலாக நெடுங்கோட்டைப் போட வேண்டும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. இடைவெளியால் பொருள் மாறும் மொழியே ஆபத்தானது, அடைப்புக்குறிகளால் ஆன ஜேசான் போன்ற வடிவம் பாதுகாப்பானது என்கிறார்கள் பலர். வெட்டி ஒட்டும்போது உள்தள்ளல் நகர்ந்து, ஓர் உருப்படி தவறான தாய்க்குப் பிள்ளையாகிவிடுவது உண்மை. உள்தள்ளலுக்கு டேப் விசையை யாமல் ஏற்காது என்பதும் புதியவர்களைத் தடுக்கி விழவைக்கிறது. ஆனால் அடைப்புக்குறி மொழிகளிலும் நாம் உள்தள்ளித்தான் எழுதுகிறோம். கணினி அடைப்பைப் பார்க்கிறது, மனிதர் உள்தள்ளலைப் பார்க்கிறார். இரண்டும் முரண்பட்டால் மனிதர் ஏமாறுவார். யாமலில் இருவரும் ஒரே குறியைப் பார்க்கிறார்கள். ஜேசானின் விதிப்படி கடைசி உருப்படிக்குப் பின் காற்புள்ளி கூடாது, அதனால் கடைசியில் ஓர் ஊரைச் சேர்த்தால் மேல் வரியையும் திருத்த வேண்டும். ஓர் உருப்படி ஏன் இருக்கிறது என்று பக்கத்திலேயே குறிப்பு எழுதவும் அதில் வழியில்லை. ஓர் இயந்திரம் எழுதி இன்னோர் இயந்திரம் படிக்கும் கோப்புக்கு ஜேசான் நல்ல தேர்வு. மனிதர் கைவைக்கும் பட்டியலுக்கு யாமல் கேட்கும் விலை உள்தள்ளலில் கவனம், அந்த விலை கொடுக்கத் தக்கது.

மூன்றாவது மறுப்புதான் நம்மை உண்மையிலேயே நிதானிக்கவைக்க வேண்டும். வரி எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் வரிக்குள் இருப்பதன் பொருள் தவறிப்போகலாம். இந்தப் பட்டியலைப் பாருங்கள்:

லாட்டுகள்:
  - 007
  - 008
  - 010

அடுக்கு நேராக இருக்கிறது, கோடுகள் வரிசையாக நிற்கின்றன. ஆனால் 2005இல் வந்த யாமல் 1.1 விதிப்படி பூச்சியத்தில் தொடங்கும் எண் எட்டடிமான எண். எனவே 007 என்பது 7 ஆகும். எட்டடிமானத்தில் 8 என்ற இலக்கமே இல்லாததால் 008 எண்ணாகாமல் எழுத்தாகவே நிற்கும். 010 என்பது 8 ஆகிவிடும். இப்போது நிரலிடம் எட்டாம் எண் லாட்டைக் கேட்டால் பத்தாம் எண் லாட்டை எடுத்துத் தரும். அதே விதியில் மேற்கோள் இல்லாத 10:30 என்ற நேரம் அறுபதடிமான எண்ணாகி 630 என்று மாறும். நாடுகளின் ஈரெழுத்துக் குறிகளை எழுதினால் ஆங்கிலத்தில் ‘நோ’ என்று படிக்கப்படும் நார்வேயின் குறி ‘இல்லை’ என்ற பொய்மதிப்பாகிவிடுவதும் இந்த விதியால்தான். 2009இன் 1.2 பதிப்பு இவற்றை விலக்கியது. ஆயினும் பைத்தானில் பரவலாகப் பயன்படும் பையாமல் நூலகம் இன்னும் பழைய விதியையே பெரிதும் பின்பற்றுகிறது. தமிழ் எழுத்துக்கும் தனிக் கண்ணி ஒன்று உண்டு. ‘போடி’ என்ற சொல்லின் முதல் எழுத்தை யூனிகோடில் ஒரே உயிர்க்குறியாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, குறியெண்களை நேரடியாக ஒப்பிடும் நிரலுக்கு அவை வெவ்வேறு ஊர்கள்.

போடிச் சந்தையில் ‘ஏலம் எப்படி’ என்று கேட்டால் காயைக் கேட்கிறாரா, விற்பனையைக் கேட்கிறாரா என்பதை இடமும் ஆளும் சொல்லிவிடும். கணினிக்கு இடமும் இல்லை, ஆளும் தெரியாது. விதி மட்டுமே உண்டு. ஆகவே எண்போலத் தோன்றும் பெயர்களுக்கு, அதாவது லாட் எண், அஞ்சல் குறியீடு, நேரம் போன்றவற்றுக்கு, மேற்கோள் குறி கட்டாயம். இந்த மறுப்பு அடுக்கு வடிவத்தின் மீதான நம்பிக்கைக்கு எல்லை போடுகிறது, ஆனால் அதன் தேவையைக் குறைக்கவில்லை. 010க்கு மேற்கோள் இல்லை என்பதைக் கண்டுபிடிக்கவேண்டிய கண், நாற்பது எண்கள் ஓடும் ஒரு வரியிலா எளிதில் கண்டுபிடிக்கும், தனி வரியிலா?

கடைசியாக, இதையெல்லாம் கருவியிடம் விட்டுவிடலாமே என்பார்கள். யாமல்லின்ட் போன்ற சரிபார்ப்புக் கருவிகள் உள்தள்ளலையும் இடைவெளியையும் ஒழுங்காகப் பார்த்துக்கொள்கின்றன. அவற்றைப் பயன்படுத்தத்தான் வேண்டும். சல்லடை 7 மில்லிமீட்டர் காயை 6 மில்லிமீட்டர் காயிலிருந்து பிரித்துவிடும். எந்தெந்த மூட்டைகளைச் சேர்த்து ஒரே லாட்டாக ஏலத்துக்கு வைப்பது என்ற கேள்விக்குச் சல்லடையிடம் விடை இல்லை. சரக்கை அறிந்தவர்தான் அதைச் சொல்ல வேண்டும். அதுபோல, எந்த இரண்டு எண்கள் என்றும் பிரியாமல் ஒன்றாகவே மாறும், எந்த ஆறு ஊர்கள் ஆறு தனி முடிவுகள் என்பது கோப்பை எழுதுபவருக்கு மட்டுமே தெரியும். அவர் அதை வரிகளாக எழுதிவைத்தால், ஆறு மாதம் கழித்து வண்டன்மேட்டை மட்டும் பட்டியலிலிருந்து எடுக்கவேண்டிய வேறொருவர், மற்ற ஐந்து ஊர்களைத் தொடாமல் ஒரே வரியை அழித்துவிட்டு நிம்மதியாகப் போகலாம்.